உயர்த்திய ஃபோர் வீல் பிக்கப் முன்புபோல் ஒடியவில்லை: திருப்பு வட்டத்தைக் குறைக்க வழி என்ன?

பள்ளத்தூர் தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். பள்ளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு முந்திரித் தோப்பும் அதையொட்டிக் கொஞ்சம் தைலமரமும் இருக்கின்றன. அங்கே போய்வர, பழைய ஜீப் வகையைச் சேர்ந்த ஒரு ஃபோர் வீல் பிக்கப் வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் முழு ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங் பாக்ஸ், வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலுள்ள தூரம்) 2,750 மி.மீ. மழைக்காலத்தில் வெட்டிய மரத்தின் அடிக்கட்டைகள் ஆக்சில் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியில் இடிக்கின்றன என்பதால் வண்டியை 100 மி.மீ. உயர்த்தி, முன்பிருந்த 235/75 அளவு டயரை எடுத்துவிட்டு, 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் உள்ள டயரை மாட்டினோம்.

கட்டை இடிப்பது நின்றுவிட்டது. ஆனால் வண்டி ஒடிவதில்லை, அதாவது ஸ்டியரிங்கை முழுதும் சுற்றினாலும் முன்சக்கரம் போதிய அளவு திரும்புவதில்லை. தோப்புக்குப் போகும் வழி கண்மாய்க் கரைமேல் போகிறது. கலுங்குக்கு (கண்மாயின் உபரிநீர் வெளியேறும் இடம்) பக்கத்தில் கரை கொஞ்சம் அகலமாக இருக்கும் ஓர் இடத்தில்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். முன்பு ஒரே வீச்சில் திரும்பிய அந்த இடத்தில் இப்போது முன்னும் பின்னுமாகப் பலமுறை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். அதிலும் வலப்பக்கம் ஓரளவு ஒடிகிறது, இடப்பக்கம் மிகவும் மோசம். வேலை செய்த பட்டறையில் கேட்டால், உயர்த்திய வண்டி அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். அதை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

புதுவயல் பட்டறை

தம்பி, உயர்த்திய வண்டி அப்படித்தான் இருக்கும் என்பது சரியான பதில் அன்று. முழு ஆக்சில் வண்டியில் ஸ்பிரிங்குக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கூட்டுவதால் மட்டும் கிங்பின் (முன்சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணி) திரும்பும் கோணம் குறைந்துவிடாது. ஆக்சில், நக்கிள் (கிங்பினில் திரும்பிச் சக்கரத்தைத் தாங்கும் பாகம்), டை ராடு (இரு நக்கிள்களையும் இணைக்கும் தண்டு) மூன்றும் ஒன்றாகக் கீழேதான் இருக்கின்றன, அவற்றுக்குள் எதுவும் மாறவில்லை. குறைப்பது உயரத்தோடு கூடவே வந்த வேறு மாற்றங்கள். அவற்றில் உங்கள் வண்டியை எது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பொருள் வாங்கத் தொடங்கினால் பணம்தான் போகும்.

ஒடிப்பைத் தடுக்கக்கூடியவை நான்கு. நக்கிளில் உள்ள ஸ்டாப் போல்ட் ஆக்சிலில் வந்து முட்டலாம். ஸ்டியரிங் பாக்ஸ் தன் உள் எல்லையை அடைந்துவிடலாம். டயரின் உட்பக்கம் ஸ்பிரிங் பட்டையிலோ சேசிஸிலோ உரசலாம். கடைசியாக, ஆக்சில் முனையில் இருக்கும் கிராஸ் (சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மடங்கும் இணைப்பு) அதற்கு மேல் மடங்க முடியாமல் இறுகலாம். எந்த வண்டியிலும் இந்த நான்கில் ஒன்றுதான் முதலில் வந்து நிறுத்தும். அது இடப்பக்கத்துக்கு ஒன்றாகவும் வலப்பக்கத்துக்கு வேறொன்றாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பதைப் படித்ததுமே எனக்கு அந்த ஐயம்தான் வந்தது.

முதலில் அளந்து சொல்லுங்கள். அரிசி ஆலையின் சிமெண்டுக் களம்போல் சமதளமான இடம் கிடைத்தால் நல்லது. முன் டயரின் நடுப்பட்டையில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, முதல் கியரில், டூ வீலில் (பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலையில்), முழு ஒடிப்பில் மெதுவாக ஒரு வட்டம் சுற்றுங்கள். வெளிப்பக்கச் சக்கரம் விட்ட தடத்தின் குறுக்களவை டேப் பிடித்து அளக்கலாம். வெறும் தண்ணீரில் நனைத்துச் சுற்றினால் நம் ஊர் வெயிலுக்கு வட்டம் முடிவதற்குள் தடம் காய்ந்துவிடும்.

சக்கரத்தின் கோணத்தை அளக்கக் கருவி தேவையில்லை. சக்கரம் நேராக இருக்கும்போது ரிம்முக்கு இணையாக ஒரு நேர்ச்சட்டத்தைத் தரையில் வைத்து ஒரு கோடு போடுங்கள். முழு ஒடிப்பில் மீண்டும் அதேபோல் ஒரு கோடு. இரண்டு கோடுகளும் சந்திக்கும் புள்ளியிலிருந்து முதல் கோட்டின்மேல் 800 மி.மீ. தள்ளி, அங்கிருந்து செங்குத்தாக இரண்டாம் கோடு வரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அது 500 மி.மீ. என்றால் சக்கரம் 32 பாகை திரும்புகிறது. உள்பக்கச் சக்கரத்தை அளந்தால் போதும். முழு ஒடிப்பில் ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இன்னொருவர் விளக்கோடு கீழே குனிந்து, எது எதில் முட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது விரலை ஸ்டாப் போல்ட் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பள்ளத்தூர் தோப்புக்காரர்

அண்ணன் சொன்னபடியே தெரிந்தவர் ஆலைக் களத்தில் அளந்தேன். வட்டத்தின் குறுக்களவு இடப்பக்கம் 15.5 மீட்டர், வலப்பக்கம் 13.7 மீட்டர். 800 மி.மீ. தள்ளி அளந்தபோது இடப்பக்கம் 373 மி.மீ., வலப்பக்கம் 443 மி.மீ. வந்தது.

வலப்பக்க முழு ஒடிப்பில் ஸ்டாப் போல்ட் நன்றாக முட்டுகிறது. டயருக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி இருக்கிறது. போல்ட் முன்பிருந்ததைவிட வெளியே வந்திருப்பது, மரையில் துரு இல்லாத பளபளப்பான பகுதியைப் பார்த்தாலே தெரிகிறது. இடப்பக்க முழு ஒடிப்பில் ஸ்டாப் போல்ட் முட்டவே இல்லை, ஒரு விரற்கடை இடைவெளி இருக்கிறது. டயரும் எதிலும் படவில்லை. ஆனால் ஸ்டியரிங் வீல் கல்லில் இடித்ததுபோல் நின்றுவிடுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உயர்த்திய அன்று ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றது. பட்டறையில் வீலைக் கழற்றி, நேராகத் திருப்பி மாட்டிக் கொடுத்தார்கள்.

காரைக்குடி, இயந்திரவியல் ஆசிரியர் (ஓய்வு)

அளவுகள் தெளிவாக இருப்பதால் கணக்கைச் சொல்லிவிடலாம். 373 மி.மீ. என்றால் உள்சக்கரம் 25 பாகை. 443 என்றால் 29 பாகை. வண்டி ஒரு வட்டத்தில் உருள வேண்டுமானால் நான்கு சக்கரங்களும் ஒரே மையத்தைச் சுற்ற வேண்டும். அதனால் உள்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பும்படி நக்கிள் ஆர்ம்களைச் சாய்வாக அமைத்திருப்பார்கள்; ஆக்கர்மன் 1818-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். கிங்பின்களுக்கு இடையே ஏறத்தாழ 1.25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீல்பேஸுக்கு உள்சக்கரம் 25 பாகை திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 21 பாகையும், உள்சக்கரம் 29 திரும்பும்போது வெளிச்சக்கரம் சுமார் 24 பாகையும் திரும்பும்.

வீல்பேஸை வெளிச்சக்கரக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுத்தால் திருப்பு ஆரம் கிடைக்கும். 21 பாகைக்கு 7.67 மீட்டர், 24-க்கு 6.76, 26-க்கு 6.27. கிங்பினுக்கும் டயர் நடுவுக்கும் உள்ள சிறு தூரத்தையும் சேர்த்தால் நீங்கள் களத்தில் அளந்த எண்களே வருகின்றன. ஆகவே உங்கள் அளவை நம்பலாம். ஒரு பாகை கூடினாலே ஆரம் கால் மீட்டர் அளவுக்கு, அதாவது வட்டத்தின் குறுக்களவு அரை மீட்டர் அளவுக்குக் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். வீல்பேஸைக் குறைக்க முடியாத நிலையில் இந்தப் பாகைகள்தாம் நம் கையில் இருப்பவை. மாருதி ஜிப்ஸியின் வீல்பேஸ் 2,375 மி.மீ.; அதே கோணத்துக்கு அது உங்கள் வண்டியைவிடச் சிறிய வட்டத்தில் திரும்புவது இயல்பு. அதனோடு ஒப்பிட்டு மனம் சோர வேண்டாம்.

புதுவயல் பட்டறை

ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் காரணத்தைச் சொல்கிறேன். இடப்பக்கம் நிறுத்துவது ஸ்டியரிங் பாக்ஸ். வலப்பக்கம் நிறுத்துவது டயருக்காக வெளியே இழுத்து வைத்த ஸ்டாப் போல்ட். இரண்டும் வேறு வேறு நோய்கள், தனித்தனி மருந்து.

பாக்ஸிலிருந்து டிராக் லிங்க் என்னும் இணைப்புத் தண்டு குறுக்காக எதிர்ப்பக்க நக்கிளுக்குப் போகிறது. வண்டியை உயர்த்தும்போது பாக்ஸ் சேசிஸோடு மேலே போய்விடுகிறது, நக்கிள் கீழேயே நிற்கிறது. லிங்கின் சாய்வு கூடுகிறது, நீளம் மாறுவதில்லை. எனவே கிடைமட்டத்தில் அது எட்டும் தூரம் குறைகிறது. ஒரு மீட்டர் நீள லிங்க் முன்பு 100 மி.மீ. சரிந்து இருந்தது, இப்போது 200 மி.மீ. சரிந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் தூரம் 995 மி.மீட்டரிலிருந்து 980 ஆகிவிடும். 15 மி.மீ. என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் பாக்ஸின் தண்டில் மாட்டி லிங்கை இழுத்துத் தள்ளும், 150 மி.மீ. நீளமுள்ள பிட்மேன் ஆர்மில் அது ஏறத்தாழ 6 பாகை. சக்கரம் நேராக இருக்கும்போதே பாக்ஸ் ஒரு பக்கமாக 6 பாகை திரும்பி நிற்கிறது. அந்தப் பக்கம் ஒடிக்கும்போது பாக்ஸின் ஓட்டம் 6 பாகை முன்னதாகவே தீர்ந்துவிடுகிறது.

ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றது இதைத்தான் காட்டியது. வீலைக் கழற்றி நேராக மாட்டியதால் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் போனதே தவிர, பாக்ஸ் நடுவுக்கு வரவில்லை. நம் பக்கத்தில் உயர்த்தும் வண்டிகளில் பெரும்பாலும் இதைத்தான் செய்துவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். இதனால் ஒடிப்பு மட்டும் கெடுவதில்லை. பாக்ஸின் பற்கள் நடு நிலையில்தான் ஆட்டம் இல்லாமல் இறுக்கமாகக் கவ்வும்படி செய்யப்பட்டவை. நடுவைவிட்டு விலகி நின்றால் நேர்ச்சாலையிலேயே ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கும். திருச்சி சாலையில் போகும்போது வண்டி அங்குமிங்கும் அலைவதாக உணர்ந்திருப்பீர்களே?

சரிபார்க்கும் முறை எளிது. முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிராக் லிங்கை நக்கிளிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்டியரிங் வீலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். அதில் பாதிதான் பாக்ஸின் நடு. அங்கே நிறுத்தி, சக்கரங்களை நேராக வைத்து, லிங்க் எத்தனை மி.மீ. எட்டாமல் நிற்கிறது என்று பாருங்கள். அந்த அளவுக்கு லிங்கின் சரிசெய் குழாயைத் திருப்பி நீட்ட வேண்டும். டை ராடு எண்டின் மரை குழாய்க்குள் போதிய ஆழம் இருக்க வேண்டும். குறைந்தது அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்காவது உள்ளே நிற்காவிட்டால் நீளமான புதிய லிங்க்தான் போட வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். லிங்கை அறுத்து நடுவில் துண்டு வைத்து வெல்டிங் அடிப்பதும், பிட்மேன் ஆர்மைச் சூடாக்கி வளைப்பதும் எந்தப் பட்டறையிலும் செய்யக் கூடாத வேலைகள். அந்த ஆர்ம் அடித்து உருவாக்கிப் பதமேற்றிய இரும்பு; காய்ச்சினால் பதம் போய்விடும். கரைமேல் போகும்போது அது முறிந்தால் ஸ்டியரிங் வீல் கையில் சும்மா சுற்றும். சாய்வைக் குறைக்க வேண்டுமென்றால் வார்க்காமல், கீழிறங்கிய வடிவிலேயே அடித்துச் செய்த ஆர்ம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள். அது போட்டால் குழியில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாக இழுப்பதும் குறையும்.

கானாடுகாத்தான் வடக்குத் தெரு

எனக்கும் இதே கவலை இருப்பதால் குறுக்கிடுகிறேன். எங்கள் ஊரில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக இருந்தாலும், திருப்பங்கள் எல்லாம் செங்கோணம்; ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக வீடுகள் நீண்டு கிடக்கின்றன. முனையில் உள்ள பழைய கருங்கல் படிகளில் டயர் ஏறிவிடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புகிறேன். நூறாண்டு தாண்டிய அந்தக் கல்லின் விளிம்பு உடைந்தால் அதைப்போல் செதுக்கிக் கொடுக்க இன்று ஆள் தேட வேண்டும்.

என் கேள்வி: ஸ்டாப் போல்ட்டை அடியோடு கழற்றிவிட்டு, டயர் உரசாமல் இருக்க சக்கரத்தை வெளியே தள்ளும் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் எளிதில் முடிந்துவிடாதா? சென்னையில் ஒரு நண்பர் அப்படித்தான் செய்திருக்கிறார்.

புதுவயல் பட்டறை

ஸ்டாப் போல்ட் இல்லாத நக்கிளை முழு ஒடிப்பில் நிறுத்துவது பாக்ஸின் உட்பாகமோ கிராஸோதான். பவர் ஸ்டியரிங் என்றால் பம்பின் முழு அழுத்தமும் அந்த இடத்தில் விழும். பல பாக்ஸ்களில் ஒடிப்பு முடிவதற்குச் சற்று முன்பே அழுத்தத்தை விடுவிக்கும் சிறு வால்வுகள் இருக்கும். ஸ்டாப் போல்ட் அந்த இடத்துக்கு ஒட்டி அமைய வேண்டும். போல்ட்டை மாற்றினால் அந்த வால்வின் அமைப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் எண்ணெய் சூடேறிப் பம்ப் கத்தத் தொடங்கும்.

கிராஸைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். சாதாரணக் கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒரே சீராகச் சுழல்வதில்லை. 31 பாகை மடக்கத்தில், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சக்கரம் சராசரியைவிட 14 விழுக்காடு மெதுவாகவும் 17 விழுக்காடு வேகமாகவும் ஓடும். ஃபோர் வீலில் முழு ஒடிப்பில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்டியரிங் துடிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் கிராஸைப் பிடித்திருக்கும் ஆக்சில் காதுகள் ஒன்றோடொன்று இடித்தால் காது முறியும். ஜிப்ஸி போன்றவற்றில் குண்டுகள் வைத்த ஜாயிண்ட் இருக்கிறது, அது சீராகச் சுழலும்; ஆனால் அளவுக்கு மீறி மடக்கினால் அதன் கூடு உடைந்து குண்டு வெளியே வந்துவிடும். ஆகவே போல்ட்டை உள்ளே இறக்குவதற்கு முன், சக்கரத்தைத் தூக்கி, ஒடித்து வைத்து, கையால் மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகினாலோ டக்கென்று சத்தம் வந்தாலோ அதுதான் எல்லை. அதற்கு இரண்டு பாகை முன்பே ஸ்டாப் போல்ட் முட்ட வேண்டும்.

ஸ்பேசர் உரசலைத் தீர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் சக்கரம் கிங்பினைவிட்டு வெளியே தள்ளிப்போவதால் பேரிங்குக்கும் கிங்பினுக்கும் சுமை கூடுகிறது, கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையை உதறுகிறது, டயர் வெளிப்பக்கம் மட்கார்டில் போய் உரசத் தொடங்குகிறது. உங்கள் தெரு முனையில் கற்படிக்கு 25 மி.மீ. நெருக்கமாகவும் போவீர்கள்.

என் கருத்தில் அகலம் குறைந்த டயர்தான் நல்ல மருந்து. பழைய ஜீப்புகளில் ஏன் ஒல்லியான டயர் போட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 10.5 அங்குல டயர் என்றால் 267 மி.மீ. அகலம். 7.00-16 டயர் சுமார் 200 மி.மீ.தான், உயரமோ கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொரு பக்கமும் 33 மி.மீ. அளவுக்கு இடம் கிடைக்கிறது. பட்டையில் உரசும் இடத்தில் அது நான்கு, ஐந்து பாகைக்குச் சமம். நம் செம்மண் மழையில் குழையும்போது மேலே வழுக்கினாலும் கொஞ்சம் கீழே கெட்டியாக இருக்கும் நிலம். ஒல்லி டயர் அந்த வழுக்கலை வெட்டிக்கொண்டு போய் அடியில் பிடிக்கும். மணலில் ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு அகலம் வேண்டும். ரிம்மை மட்டும் அந்த டயருக்கு உரிய அகலத்தில் வாங்க மறக்காதீர்கள்.

தேவகோட்டை வி-கிராஸ்

என்னுடையது இசுசு வி-கிராஸ், முன்புறம் தனித்தனிச் சஸ்பென்ஷன், ரேக் ஸ்டியரிங் (பாக்ஸுக்குப் பதிலாகப் பற்சட்டம் இடவலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு), 50 மி.மீ. உயர்த்தியிருக்கிறேன். எனக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் வட்டம் வேறுபடுகிறது. எனக்கு டிராக் லிங்க் கிடையாதே, இது எதனால்?

புதுவயல் பட்டறை

உயர்த்திய பிறகு அலைன்மென்ட் செய்திருப்பார்கள். இரண்டு பக்க டை ராடுகளையும் சமமாகத் திருப்புவதற்குப் பதிலாக, கை எட்டும் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி டோ அளவை (முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் அளவை) கொண்டுவந்திருந்தால், ரேக் நடுவைவிட்டு விலகி நிற்கும். இரண்டு பக்கமும் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ரேக்கை நடுவில் நிறுத்தி மீண்டும் அலைன்மென்ட் செய்தால் சரியாகும்.

அதற்கு மேல் உங்கள் வண்டியில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒடிப்பின் எல்லை ரேக்கின் ஓட்டத்தோடு முடிந்துவிடும். வீல்பேஸ் 3,095 மி.மீ.; ஹைலக்ஸும் 3,085 என்று ஏறத்தாழ அதே நீளம்தான். வெளிச்சக்கரம் 30 பாகை திரும்பினால்கூட ஆரம் 6.19 மீட்டருக்குக் குறையாது. 50 மி.மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது ஆக்சில் ஜாயிண்டுகளுக்கு நல்லது. அவை மேல்கீழ்க் கோணத்தையும் ஒடிப்பின் கோணத்தையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கிறது.

கீழச்சிவல்பட்டி விவசாயி

டிராக்டரில் இடது பின்சக்கரத்துக்கும் வலது பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதி இருக்கிறது. வரப்போரம் ஒரு பக்கத்தை மிதித்தால் டிராக்டர் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்கிறது. பிக்கப்பில் அப்படி ஒரு வால்வு வைக்க முடியாதா, ஐயா?

காரைக்குடி, இயந்திரவியல் ஆசிரியர் (ஓய்வு)

முடியும், காட்டுப் பந்தய வண்டிகளில் வைக்கிறார்கள். ஆனால் டிராக்டரிலேயே சாலைக்கு வரும்போது இரண்டு மிதிகளையும் ஒரு கொக்கியால் இணைத்துவிட வேண்டும் என்று சொல்லித்தானே கொடுக்கிறார்கள்? எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய வண்டியில் பிரேக் எண்ணெய்க் குழாயை வெட்டிக் கூடுதல் வால்வு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் தாங்கள் கேட்டது இன்னொன்றை நினைவூட்டியது. கரைமேல் திருப்பும்போது வண்டி எந்த கியர் நிலையில் இருக்கிறது என்பது மிக முக்கியம். இத்தகைய பகுதிநேர ஃபோர் வீல் வண்டிகளில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆனால் வெளிச்சக்கரம் 25 பாகை திரும்பியிருக்கும்போது முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுதல் தூரம் போக வேண்டும். பூட்டியிருந்தால் அது முடியாது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களை நேராகத் தள்ளும், வட்டம் விரியும், பிடிப்புள்ள தரையில், இரு ஆக்சிலுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும். பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கர் இருந்து அது விழுந்திருந்தால் இன்னும் விரியும். ஆகவே திருப்பும் இடம் காய்ந்து கெட்டியாக இருந்தால் டூ வீலுக்கு மாற்றிவிட்டுத் திருப்புங்கள். செலவே இல்லாமல் வட்டம் குறையும் ஒரே வழி இதுதான்.

பிட்மேன் ஆர்மை நீளமாக்கினால் பாக்ஸின் அதே ஓட்டத்துக்குச் சக்கரம் அதிகமாகத் திரும்புமே என்று யாராவது கேட்கலாம். திரும்பும், ஆனால் அதே விகிதத்தில் ஸ்டியரிங் கனக்கும், சக்கரம் வாங்கும் அடியும் பாக்ஸின் தண்டுக்குக் கூடுதலாகப் போகும். கிராஸின் எல்லை இடம் கொடுத்தால்தான் அதைப் பற்றி நினைக்கவே வேண்டும்.

தேவகோட்டை வி-கிராஸ்

சட்டத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றுவதற்குத் தடை இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. உயரத்தையும் டயரையும் மாற்றியவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விபத்து நேர்ந்த பிறகு கேட்பதில் பயன் இல்லை.

பள்ளத்தூர் தோப்புக்காரர்

வேலை முடிந்தது, எண்களோடு எழுதுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்குப் பயன்படும். டிராக் லிங்கைக் கழற்றி எண்ணியபோது பாக்ஸ் கோடிக்குக் கோடி 4 சுற்று வந்தது. சக்கரம் நேராக நின்ற நிலையில் அது ஒரு பக்கம் ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேலும் மறுபக்கம் இரண்டரைக்குச் சற்றுக் கீழும் இருந்தது. லிங்க் எட்டாமல் நின்ற தூரம் 16 மி.மீ.; அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்ன 15 மி.மீட்டரோடு அது இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவ்வளவு நீட்டினால் மரை போதாது என்று தெரிந்ததால் நீளமான புதிய லிங்க் போட்டோம். பிறகு ஸ்டியரிங் வீலைக் கழற்றிப் பழைய இடத்திலேயே மாட்டினோம், நேராக நிற்கிறது.

டயரை 7.00-16 ஆக மாற்றினேன். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்ததில் 33 பாகைக்கு மேல்தான் கிராஸ் இறுகத் தொடங்குகிறது. பாக்ஸின் எல்லை அதற்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் முன்னதாக, 31 பாகையில் இரண்டு பக்க ஸ்டாப் போல்ட்டும் முட்டும்படி வைத்தோம். களத்தில் 800-க்கு 480 மி.மீ. வருகிறது. வட்டம் இப்போது இரண்டு பக்கமும் 13 மீட்டர். இடப்பக்கம் மட்டும் இரண்டரை மீட்டர் குறைந்திருக்கிறது. கலுங்குப் பக்கம் டூ வீலில் போட்டு, இடப்பக்கமாக ஒடித்துத் திருப்பினேன். பின்னால் எடுக்காமலேயே திரும்பியது. நேர்ச்சாலையில் அலைவதும் நின்றுவிட்டது. ஆசிரியர் ஐயாவுக்கும் புதுவயல் அண்ணனுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. முன் ஸ்பிரிங்கில் நீளமான ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஆடும் கொக்கி) போட்டிருப்பதால் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்புவது மட்டும் இன்னும் மந்தமாக இருக்கிறது.

புதுவயல் பட்டறை

மனம் நிறைந்தது, தம்பி. கடைசியாகச் சொன்னது கேஸ்டர் குறைந்ததன் அறிகுறி. நீள ஷாக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையை மட்டும் இறக்குவதால் ஆக்சில் சுழன்று கிங்பினின் பின்சாய்வு குறைந்துவிட்டது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் மேடைக்கும் இடையே இரண்டு பாகை ஆப்பு வைத்தால் சரியாகும்; பித்தளையோ அலுமினியமோ வேண்டாம், இரும்பு ஆப்பாக இருக்கட்டும். ஆப்பு வைக்கும்போது முன் டிஃபரன்ஷியலின் மூக்கும் சற்றுக் கீழே சாயும், அங்கே உள்ள புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் இறுகாமல் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். யூ-போல்ட்டுகளை ஒரு வாரம் ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். புதிய லிங்கின் இரண்டு முனைகளிலும் கோட்டை நட்டு (மேலே வெட்டுகள் உள்ள நட்டு) கழலாமல் இருக்கக் காட்டர் பின் குத்தி விரித்திருக்கிறதா என்பதை நீங்களே குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்; பட்டறைக்காரன் சொன்னான் என்று விட வேண்டாம்.